‘ஸ்டேஜ் 3’ என்றால் எதுவுமே இல்லை: கிளட்ச் வாங்கி ஏமாந்த கதை

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் பூஸ்ட்டை, அதாவது காற்றழுத்தத்தை, கூட்டிய மூன்றாம் வாரமே, எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பழைய கிளட்ச் கைவிரித்துவிட்டது. நான்காம் கியரில் முழுதாக மிதித்தால் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் துள்ளி ஏறும், வண்டியின் வேகம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். கூடவே கருகல் வாடை. மாற்றியே ஆக வேண்டும்.

கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை குதிரைத்திறன்?” சொன்னேன். “அப்படியானால் வலு கூடிய ஸ்டேஜ் 3 கிளட்ச் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்” என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டே பணத்தைக் கொடுத்தேன்.

கிளட்ச் தாங்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் தண்டைத் திருகும் விசையை. 250 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 6000 சுற்றில் தரும் எஞ்சின் அந்த இடத்தில் ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. அதே 250-ஐ 4000 சுற்றிலேயே தரும் டர்போ எஞ்சினுக்கு 440-ஐத் தொடும். குதிரைத்திறனை மட்டும் கேட்டுக் கிளட்ச் விற்பவர், இடுப்பளவைக் கேட்டுச் செருப்பு விற்பவர். ‘ஸ்டேஜ்’ என்பதற்குப் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 3 இன்னொன்றின் 1 ஆக இருக்கலாம்.

மாட்டித் தந்தது ஆறு செராமிக் வில்லைகள் கொண்ட கிளட்ச் தட்டு. நடுவில் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. பந்தய ஓட்டத்துக்குப் பொருந்தலாம். நெரிசலில் ஒவ்வொரு முறை நகரும்போதும் வண்டி தவளையாகக் குதித்தது. மேட்டில் ரிவர்ஸ் எடுப்பது வெட்கக்கேடு. “பழகிவிடும்” என்றார்கள். 800 கிலோமீட்டர் பூப்போல ஓட்டிப் பழக்கினேன். பிறகு முழுதாக மிதித்தேன். மறுபடியும் அதே துள்ளும் முள். “நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை” என்பது அடுத்த பதில்.

வேறொரு மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி டார்ச் அடித்துக் காட்டினார். கிளட்ச் தட்டு உராயும் பிளைவீல் சக்கரத்தில் மயில்கழுத்து நிறத்தில் திட்டுத்திட்டாகச் சூட்டுத் தழும்புகள், அவற்றின் நடுவே மயிரிழை விரிசல்கள். ரசீதில் ‘பிளைவீல் ஃபேஸிங்’ (அதன் முகத்தைக் கடைந்து சமமாக்குவது) என்று தனியாகக் கூலி வாங்கியிருந்தார்கள். கடைசல் இயந்திரத்தை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் சிவப்புப் பெயின்டை அவர் ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். அடியில் இருந்த எண், நான் கழற்றி வைத்திருந்த பழைய பிளேட்டின் எண்ணேதான். அழுத்தம் அணுவளவும் கூடவில்லை, நிறம்தான் கூடியிருக்கிறது! பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் பழையதே.

இம்முறை வாங்கும்போது, கிராங்கில் (எஞ்சினின் சுழல்தண்டில்) எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பதை எழுத்தில் வாங்கினேன். சக்கரத்தில் அளந்த எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழியில் இழப்பு உண்டு. கூடுதல் அழுத்தமுள்ள பிரஷர் பிளேட், ஸ்பிரிங் வைத்த, நாரும் பிசினும் கலந்த ஆர்கானிக் தட்டு, புது பேரிங். கடைந்த பிளைவீலை மாட்டும் முன் நேரில் பார்த்தேன். பெடல் சற்றுக் கனம், அவ்வளவுதான். நான்காம் கியரில் முள்ளும் வண்டியும் சேர்ந்தே ஏறுகின்றன.

செய்யாத ஃபேஸிங்குக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. சுரண்டிய சிவப்பு பிளேட்டை ரசீதோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.