கால் வைக்கும்போதெல்லாம் மாறும் நிலவறை: 'மிஸ்டரி டஞ்சன்' தொடர்

'டிராகன் குவெஸ்ட் 4' வீடியோ விளையாட்டில் வந்த வணிகர் தோர்னெகோவை நாயகனாக்கி, சுன்சாஃப்ட் நிறுவனம் 1993இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட விளையாட்டுதான் 'மிஸ்டரி டஞ்சன்' தொடரின் தொடக்கம். 1980இல் வந்த 'ரோக்' விளையாட்டின் விதிகளே இதற்கும் அடித்தளம். நாம் ஓர் அடி வைத்தால் எதிரியும் ஓர் அடி வைக்கும். நாம் நின்று யோசித்தால் எல்லாமே நம்மோடு நிற்கும். நிலவறைக்குள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் அதன் தளங்களின் அறைகள், பாதைகள், பொருள்கள் அனைத்தும் புதிதாக அமைகின்றன.

ஷிரென் என்ற நாடோடி வீரனை நாயகனாகக் கொண்டு 1995இல் தொடங்கிய வரிசையே இத்தொடரின் உயிர் என்பேன். அதில் இறந்தால் பையில் இருந்த பொருள்கள் போய்விடும், நாயகனின் வலிமையைக் காட்டும் நிலையும் (லெவல்) மீண்டும் ஒன்றுக்கே இறங்கிவிடும். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இந்த விதியால்தான் நாயகனின் பசியைத் தீர்க்கும் ஒரு சோற்றுருண்டைகூட விலைமதிப்பற்றதாகிறது. ஒருமுறை குறுகிய பாதையில் முன்னே ஓர் எதிரி, பின்னே ஓர் எதிரி, உடலில் இன்னும் ஓர் அடி தாங்கும் தெம்பு மட்டுமே என்ற நிலையில், பெயர் தெரியாத மந்திரக்கோல் ஒன்றை முன்னால் நின்றதன் மீது வீசினேன். அது இடம் மாற்றும் கோல். நொடியில் இருவரும் இடம் மாறிக்கொள்ள, எதிரிகள் இரண்டும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றன. எனக்கு முன்னே படிக்கட்டுக்குச் செல்லும் வழி திறந்து கிடந்தது. அந்த ஆட்டத்தில் பிறகு தோற்றாலும், கோலின் பயன் என் நினைவில் தங்கிவிட்டது. அடையாளம் தெரியாத பொருளைக் கடைக்காரரிடம் கொண்டுபோய், அவர் சொல்லும் விலையிலிருந்தே அது என்னவாக இருக்கும் என்று ஊகிப்பதும் இப்படிப் படிப்படியாகக் கைவந்த வித்தைதான்.

போகிமான் கிளை 2005இல் ஜப்பானில் தொடங்கியது. தோற்றாலும் நிலை குறையாது என்பதாலும், மனிதர் போகிமானாக மாறிவிடும் கதை நெஞ்சைத் தொடும் என்பதாலும் புதியவர்களுக்கு அது எளிதாக இருக்கும். ஆனால் அங்கே தளங்களைக் கடப்பதில் ஷிரெனின் பதற்றம் எனக்குக் கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு. படியிறங்கிய இடமே அரக்கர் கூட்டம் நிறைந்த அறையாக அமைந்துவிட்டால், எவ்வளவு திறமை இருந்தாலும் சில நேரம் தப்ப முடியாது. பையை ஒழுங்குபடுத்துவதிலேயே நிறைய நேரம் கழிகிறது. ஒரே தளத்தில் அதிக நேரம் தங்கினால் காற்று வந்து வெளியே தள்ளிவிடும் என்ற விதி, நிதானமாக ஆராய விரும்புபவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பசியைப் போலவே அதுவும் நம்மை முன்னே நகர்த்துவதால் நான் அதை வரவேற்கிறேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு, ஷிரெனின் முதன்மை வரிசையில் 2010க்குப் பின் வந்த முதல் பாகமான, 2024இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் வெளியான சர்ப்பன்ட்காயில் தீவுப் பாகத்தைப் பரிந்துரைக்கிறேன். முதல் சில ஆட்டங்களில் கடைசித் தளத்தை எட்ட வேண்டும் என்று எண்ணாமல், கிடைக்கும் மந்திரச் சுருள்களையும் கோல்களையும் சேமித்து வைக்காமல் பயன்படுத்திப் பாருங்கள்.