செட்டிநாட்டுக்குத் துறைமுகம் இப்போது திருச்சி

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் சென்னையில் இறங்குவது வீண் அலைச்சல். அங்கிருந்து ரயிலே ஆறேழு மணி நேரம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு மூன்றிலிருந்தும் திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. 2024 ஜூனில் புது முனையம் திறந்த பிறகு நெரிசலும் குறைந்துவிட்டது. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கானாடுகாத்தானுக்குப் போகிறவர்கள் காரைக்குடி வரை போய்த் திரும்பாமல், திருமயம் தாண்டி வழியிலேயே பிரிய வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.

வரைபடத்தில் 'செட்டிநாடு விமான தளம்' என்று ஒன்று தெரியும். இரண்டாம் உலகப்போரின்போது போட்ட ஓடுதளம் அது. பயணிகள் விமானம் எதுவும் வருவதில்லை. விமானம் ஓட்டக் கற்று, ஜுபிடர் ஏர்வேஸ் என்று சொந்த நிறுவனமே நடத்தியவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். அவர் ஊருக்குப் பக்கத்து ஓடுதளத்துக்கு இந்த நிலைமை!

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன தலைமுறைக்கு வாசல் நாகப்பட்டினம். பினாங்கு, சிங்கப்பூர் கப்பல்கள் சென்னையில் கிளம்பி அங்கே ஆள் ஏற்றும். கப்பல் கரைக்கு வராது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். பெட்டி, ஊறுகாய் ஜாடி சகிதம் படகில் போய், அலையில் படகு தூக்கிப்போடும்போது ஏணியைப் பிடிக்க வேண்டும். 1926-இல் கட்டிய 'ரஜூலா' 1970களின் தொடக்கம் வரை இந்தத் தடத்தில் ஓடியது. பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் போன டெக் பயணிகள். கரை இறங்கியதும் தங்கல் கிட்டங்கியில், அதாவது நகரத்தார் சேர்ந்து தங்கித் தொழில் பார்த்த கட்டடத்தில். பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல்வழி முடிந்தது.

இலங்கை வழி வேறு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் அதுவும் நின்றது. கப்பலுக்கு ஆள் கொண்டுபோன அந்த ரயிலின் 'போட் மெயில்' என்ற பெயர் மட்டும் இன்றைய சென்னை–ராமேஸ்வரம் ரயிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரைக்குடியில் ஏறலாம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தின் வழியாகத் தீவுக்குள் போகும்.

ஊருக்கு வந்த கையோடு யாழ்ப்பாணமும் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தின் துறைமுகமான காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி வந்தது. (நம் மாவட்டப் பெயர்தான், ஆனால் ஏறுவதற்கு நாகை போக வேண்டும்.) கடலில் நான்கு மணி நேரம். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக நாகைக்கும் காரில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். கப்பல் காலையில் கிளம்புவதால் முதல்நாள் இரவே நாகையில் தங்கிவிடுவது உத்தமம்.

கெடுவது எங்கே என்றால், வாடைக்காற்றில். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பாக் நீரிணையில் அலை குட்டையாக, அடுத்தடுத்து அடிக்கும். ஆழமில்லாத கடல் என்பதால் சிறு கப்பல் ஆட்டம் காணும், பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள். தீபாவளிக்கு வருகிறவர்கள் கப்பலை நம்பித் திரும்பும் விமானத்தை அடுத்த நாளுக்குப் போட வேண்டாம்.

இன்னொரு சிக்கல் விசா. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் இ-விசாவோடு வந்தவர்கள் இலங்கை போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இ-விசாவை எல்லாத் துறைமுகத்திலும் ஏற்பதில்லை. அனுமதித்த இடங்களின் பட்டியலை அரசுத் தளத்தில் பார்த்த பிறகே கப்பல் டிக்கெட் எடுங்கள். திருச்சி விமான நிலையம் அந்தப் பட்டியலில் உண்டு. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலங்கைக்குள் நுழைய உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இணையவழி முன் அனுமதி தேவையா என்று தனியாகப் பாருங்கள்.

அதனால் மழைக்காலத்தில் நம் சிபாரிசு, திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்குப் போகும் விமானம். 2025 மார்ச் கடைசியில் தொடங்கியது. பறப்பது ஒரு மணி நேரம்தான். புதிதென்று சொல்ல முடியாது: 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. இப்போது ஓடுவது ஏடிஆர் என்ற சிறு விசிறி விமான ரகம். தலைக்குமேல் உள்ள தட்டு சிறியது. சக்கரப் பெட்டி நுழையாது, படிக்கட்டருகே வாங்கிச் சரக்கு அறையில் வைத்துவிடுவார்கள். மருந்து, பாஸ்போர்ட், நகை மூன்றையும் முன்னதாகவே தோள்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.