பாயின்டர் சிஸ்டர்ஸின் 'பிரேக் அவுட்': பழைய தட்டு, வாங்கலாமா?

அமெரிக்காவின் அக்கா தங்கைமார் பாட்டுக் குழுவான பாயின்டர் சிஸ்டர்ஸ் 1983 இல் வெளியிட்ட 'பிரேக் அவுட்' எல்பி, கொழும்பில் பழைய இசைத்தட்டு விற்கிற இடங்களில் இடைக்கிடை தலைகாட்டும். மருதானைப் பக்கம் ஒரு கடையில் 6,500 ரூபா கொடுத்து எடுத்தேன். பாட்டுகளுக்கு அந்தக் காசு பெறுமதிதான், ஆனால் தட்டு இருந்த நிலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாட்டு. இதை வெறும் டான்ஸ் அல்பம் என்றுதான் எல்லோரும் நினைத்து வைத்திருக்கிறார்கள், காலி வீதி ஹோட்டல்களில் கலியாண ரிசப்ஷன் நடந்தால் டீஜே இன்றைக்கும் 'ஐம் சோ எக்சைட்டட்' போடுவதால் அப்படி ஆகிவிட்டது. வீட்டில் ஆறுதலாக இருந்து கேட்டால் கதை வேறு. சின்தசைசரும் டிரம் மெஷினும் நிறையத்தான் இருக்கின்றன, ஆனாலும் காது போய் நிற்பது அக்கா தங்கைமாரின் குரல்களில். 'ஒட்டோமெட்டிக்' பாட்டை எடுங்கள். மூத்தவர் ரூத் பாடுகிறார், குரல் அவ்வளவு அடியில் ஓடுகிறது, ஆண் பாடுகிறார் என்று நினைத்தவர்கள் ஏராளம். பல்லவி வந்ததும் மற்ற இருவரும் மேலே வந்து சேர்கிறார்கள், மூச்சு எடுக்கிற இடம்கூட ஒன்றாக இருக்கிறது. குரல்களை அடுக்கிய விதத்துக்காகவே அந்தப் பாட்டுக்கு 1985 இல் கிராமி இசை விருது கொடுத்தார்கள், 'ஜம்ப்' பாட்டுக்கு இன்னொன்று. 'ஜம்ப்' கடைசித் தங்கை ஜூன் பாடியது, துள்ளலும் அவசரமுமான குரல். 'ஐம் சோ எக்சைட்டட்' அனிட்டாவுடையது. ஒருவர் முன்னுக்கு நின்று பாட மற்றவர்கள் காலம் முழுக்கப் பின்னுக்கு நின்று 'ஆ, ஊ' சொல்லும் குழு இல்லை இது, மூன்று பேருமே முதற்குரல். எனக்கு இவர்களைப் பிடிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

'நியூட்ரோன் டான்ஸ்' என்றால் 'பெவர்லி ஹில்ஸ் கொப்' படத்தோடு ஞாபகம் வைத்திருப்பார்கள். மெட்டு குதித்துக்கொண்டு போகிறது, வரிகளில் பார்த்தால் புதுக் கார் களவு போய்விட்டது, வாடகைக்குத் தவணை வந்துவிட்டது, இருக்க இடமில்லை. ரூத் இதை ஒரு சொட்டு அழுகையும் இல்லாமல் பாடுகிறார். மிச்சப் பாட்டுகளில் ஒன்றிரண்டு சுமார், ஊசியைத் தூக்கி வைக்கலாம்.

குரல்களின் இந்தச் சேர்த்தி ஸ்டூடியோவில் செய்து வந்தது அல்ல. கலிபோர்னியாவில் ஓக்லண்ட் ஊரில் தேவாலயப் போதகர் ஒருவரின் பிள்ளைகள், சின்ன வயதில் இருந்தே ஆலயத்தில் சேர்ந்து பாடியவர்கள். 1969 இல் பானியும் ஜூனும் இரண்டு பேராகத் தொடங்க, பிறகு அனிட்டா, பிறகு ரூத். 1973 இல் முதல் அல்பம் வந்தபோது 1940களின் பழைய உடுப்புகளைத் தேடி உடுத்திக்கொண்டு ஜாஸ் பாடினார்கள். அடுத்தாற்போல் அனிட்டாவும் பானியும் எழுதிய 'ஃபெயாரிடேல்' ஒரு கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி, அதற்குக் கன்ட்ரி பிரிவிலேயே கிராமி கிடைத்தது. கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' மேடையில் பாடிய முதல் கறுப்பினப் பெண்கள் குழுவும் இவர்கள்தான், அது 1974. பானி 1977 இல் விலகிப் போன பிறகு குழு அதோடு சரி என்றே பலரும் நினைத்திருப்பார்கள். மற்ற மூவரும் தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெரியோடு சேர்ந்து, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய 'ஃபயர்' பாட்டை அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஜாஸ், கன்ட்ரி, பொப் எல்லாம் பாடித் தேறிய குரல்கள் 'பிரேக் அவுட்'டில் இருப்பவை, அதனால்தான் மெஷின் சத்தம் பழசானாலும் பாட்டு பழசாகவில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தட்டில் இரண்டு வகை உண்டு. முதலில் அடித்த பிரதிகளில் 'நைட்லைன்' என்றொரு பாட்டு இருக்கும், 'ஐம் சோ எக்சைட்டட்' இருக்காது. அது 1982 இல் இன்னொரு அல்பத்தில் வந்த பாட்டு, 1984 இல் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டபோது 'நைட்லைன்'ஐத் தூக்கிவிட்டு இதை உள்ளே போட்டார்கள். கடைக்காரர்களுக்கு அநேகமாக இந்த வித்தியாசம் தெரியாது, உறையின் பின்பக்கத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

இப்போது கடை. உறையில் 'புதுசு மாதிரி' என்று துண்டு ஒட்டியிருந்தது. "ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ அண்ணா" என்று கேட்டதற்கு பிளேயர் பழுது என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடுகளுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம், 'ஜம்ப்' பாட்டின் நடுவில் நீளமாக ஒரு கீறல், அந்த இடத்தில் ஊசி டக் டக் என்று அடிக்கிறது. கடல் காற்று அடிக்கிற ஊரில் பூஞ்சணம் வருவது இயல்பு, அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நடு லேபல் நனையாமல், கோடு ஓடுகிற திசையிலேயே மெல்லிய துணியால் துடைத்தேன், முக்கால்வாசி போய்விட்டது. கீறலை மறைத்து விற்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்த விலைக்குப் போட்டுக் காட்டாத கடையில் தட்டு எடுக்காதீர்கள்.

ஜூன் 2006 இலும் பானி 2020 இலும் அனிட்டா 2022 இன் கடைசி நாளிலும் இறந்துபோனார்கள். மூன்று தங்கைமாரையும் பறிகொடுத்தவர் ரூத். அந்த நான்கு குரல்களும் சேர்ந்து பாடிய 1973 ஆம் ஆண்டு முதல் அல்பத்தை வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ யாராவது கண்டால் எனக்குச் சொல்லுங்கள், கீறல் இருந்தாலும் எடுப்பேன்.