1987இல் இறந்தவருக்கு இந்த வருடமும் 'புதிய வெளியீடு': பாட்டுச் செயலியோடு நாலு வருடம்

"காசு கட்டி எடுக்கலாமா, விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு ஓசியிலேயே ஓட்டலாமா?" என்று பாட்டுச் செயலி பற்றி வெள்ளவத்தை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இலங்கைத் துள்ளலிசையான பைலாவும் பழைய தமிழ்ப் பொப்பும் தவிர வேறெதையும் காதில் போடாதவர். அவருக்கு 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. செயலியின் பெயர் இங்கே வராது. கீழே வரும் குறை ஒரு செயலிக்கு மட்டும் உரியதுமல்ல. பாட்டையும் அதன் விபரங்களையும் பெரிய செயலிகளுக்கு அனுப்புவது பெரும்பாலும் ஒரே விநியோகஸ்தர்கள்தான். அங்கே பிழைத்தால் எல்லா இடத்திலும் பிழை.

விலை, தரவிறக்க வசதி, எத்தனை கோடிப் பாட்டு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. நாலு வருடமாக ஆத்திரமூட்டுவது ஒன்றே ஒன்று: வருடம்.

எச்.ஆர். ஜோதிபாலவின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹிந்திப் பட மெட்டுகளுக்குச் சிங்களம் பாடி ஊரையே கிறங்கடித்தவர். 1987இல் இறந்துவிட்டார். பக்கத்தின் தலைப்பில் 'புதிய வெளியீடு' என்று ஒன்று சிரித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் இந்த வருடத்தோடு. கீழே இறங்கினால் அவர் தன் வாழ்நாளில் பாடிய எல்லாமே 2010க்குப் பிறகு வந்ததாகப் போட்டிருக்கிறது. சிங்களப் பொப் பாடகர் கிளாரன்ஸ் விஜேவர்தன 1996இல் போனவர். அவரும் வருடம் தவறாமல் 'வெளியிடுகிறார்'. உயிரோடு இருக்கிற பாடகர்கள்கூட இவ்வளவு சுறுசுறுப்பில்லை.

ஏன் இப்படி? ஒரு பாட்டை ஏற்றும்போது விநியோகஸ்தரின் படிவத்தில் இரண்டு தேதிகள் கேட்கும். ஒன்று, செயலியில் வெளியாகும் நாள். மற்றது, அந்தப் பதிவு முதன்முதலில் வெளிவந்த நாள். முதலாவது கட்டாயம். இரண்டாவதை விட்டுவிட்டால் பல படிவங்கள் முதல் நாளையே அதற்கும் நிரப்பிவிடும். பழைய இசைத்தட்டு ஒன்றை எடுத்துக் கணினியில் ஏற்றுகிறவருக்கு இரண்டாவது பெட்டியை நிரப்பப் பொறுமையில்லை, அல்லது தட்டின் உறையே கையில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு பெட்டி காலியாக இருந்ததற்கு அறுபதுகளின் பாட்டு 2014க்கு வந்து சேர்கிறது.

விபரம் தெரிந்த சிலர், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமாகக் கொடுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டைப் பார்த்து வருடம் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அதை நம்ப வேண்டாம். 12 எழுத்தும் இலக்கமும் சேர்ந்த அந்தக் குறியீட்டில் முதல் இரண்டு நாட்டைக் குறிக்கும், அடுத்த மூன்று குறியீட்டைக் கொடுத்தவரை, அடுத்த இரண்டு வருடத்தை, மிச்சம் ஐந்து வரிசை இலக்கம். ஆனால் அந்த வருடம் குறியீடு கொடுத்த வருடம், பாடிய வருடமல்ல. நாடும் அப்படித்தான். இலங்கைக்கு எல்கே என்று இருந்தாலும், வெளிநாட்டு விநியோகஸ்தர் ஊடாக ஏற்றினால் அவர்கள் தங்கள் கையிருப்பிலுள்ள குறியீட்டைப் போட்டுவிடுவார்கள். கொழும்பில் பாடிய பாட்டுக்கு அமெரிக்கக் குறியீடு. வட்டத்துக்குள் 'பி' போட்டு வரும் வருடம் கொஞ்சம் மேல். அது பதிவின் உரிமைக்கு உரியது. ஆனால் அதையும் மறுபதிப்புக் கம்பனி தன் வருடத்துக்கு மாற்றி எழுதியிருக்கும்.

இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம், பாட்டு ஓடினால் போதாதா என்று. ஓடினால் போதுமென்றால் வானொலியே போதும். ஒரு பாடகரின் முழுப் பயணத்தையும் கையில் தருகிறோம் என்று சொல்லித்தானே மாதக் காசு வாங்குகிறார்கள்? பைலாவை எடுங்கள். பொலிஸ் வேலை பார்த்த வாலி பஸ்டியன்ஸ் பாடிய விதம் ஒன்று. பிறகு வந்த எம்.எஸ். பெர்னாண்டோ வேறு. டெஸ்மண்ட் டி சில்வா மேற்கத்திய வாத்தியக் குழுக்களில் பாடிப் பழகிய குரலோடு பைலாவுக்குள் வந்தவர். 1971இல் தொடங்கிய ஜிப்சீஸ் குழுவினர் அதையே பகிடியும் அரசியலுமாக ஆக்கினார்கள். இதை வரிசையாகக் கேட்டால் கிற்றாரும் தாளமும் எப்படி மாறின என்பது காதிலேயே விளங்கும். செயலியில் வருட வரிசை போட்டால் நாலு பேரும் ஒரே பத்தாண்டில் வந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கிளாரன்ஸின் கதை இன்னும் மோசம். 1966இல் அனஸ்லி மாலேவனவோடு மூன்ஸ்டோன்ஸ் குழு, பிறகு கோல்டன் சைம்ஸ், பிறகு சூப்பர் கோல்டன் சைம்ஸ். ஆள் ஒருவர், பக்கம் மூன்று, அவருடைய சொந்தப் பெயரில் நாலாவது. அந்தக் காலத்தில் இந்தப் பாட்டுகள் 7 அங்குலத் தட்டில், பக்கத்துக்கு இரண்டாக நாலு நாலாக வந்தன. எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எது என்பதற்கே ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் கிண்டி, இருபது பாட்டுத் தொகுப்பு ஒன்று, அதே பாட்டோடு முப்பது பாட்டுத் தொகுப்பு இன்னொன்று.

நண்பருக்குப் பிடித்த தமிழ்ப் பொப்புக்கு வருவோம். வருடம் பிழைத்ததோடு சேர்ந்து இங்கே பெயரும் உடைகிறது. செயலிக்குப் பாடகர் என்றால் ஓர் இலக்கம். ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளி கூடினாலும் புதிய இலக்கம், புதிய பக்கம். ஏ.ஈ. மனோகரன் என்று தேடுங்கள், பிறகு சிலோன் மனோகர் என்று தேடுங்கள். இரண்டு ஆட்கள் என்றுதான் தெரியாதவர் நினைப்பார். அவருடைய 'சுராங்கனி'யைத் தேடினால் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடிய பட வடிவம் முந்திக்கொண்டு வரும். கனகரத்தினம் என்று போட்டால் அவுஸ்திரேலியாவில் குடியேறிய நித்தி கனகரத்தினமும், ராப் பாடும் தினேஷ் கனகரத்தினமும் ஒரு கூடைக்குள். தினேஷுக்கே இரண்டு கணக்கு: ஏடிகே என்றால் ஒரு கூட்டம் பாட்டு, 2013இல் வந்த 'கடல்' படத்தில் ரஹ்மானுக்குப் பாடியது முழுப் பெயரில் இன்னோர் இடத்தில். சேலத்தில் பிறந்து சிங்களத் திரையின் பெரிய குரலாக ஆன மொஹிதீன் பேக்கின் பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு வெள்ளைத்தாளில் முயன்று பாருங்கள். அத்தனை விதத்திலும் தேட வேண்டும்.

திரைப்பாட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பி. சுசீலா பாடியதாகக் கின்னஸ் 2016இல் பதிந்த எண்ணிக்கை 17,695. எந்தச் செயலியின் பக்கமும் அதைத் தாங்காது. இசையமைப்பாளர் பெயரை முன்னுக்குப் போட்டுப் பாடகியைக் கடைசியில் தள்ளுவதும் வழமையாகிவிட்டது.

நியாயமாகவும் கதைக்க வேண்டும். விபரம் ஒழுங்காக ஏறிய இடத்தில் இதே செயலி அற்புதம். பாடகி எம்.ஐ.ஏ.யின் பக்கம்: 2005இல் தகப்பன் பெயரில் 'அருளர்', 2007இல் தாய் பெயரில் 'கலா', 2010இல் தன் பெயரில் 'மாயா', 2013இல் 'மாதங்கி'. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்த ஒருத்தியின் பயணம் வரிசை பிசகாமல் அப்படியே நிற்கிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் மூன்று புள்ளியைத் தொட்டு விபரத்தைத் திறந்தால் எழுதியவர்கள் பட்டியலில் தி கிளாஷ் குழுவின் நாலு பேரும் இருக்கிறார்கள். அவர்களுடைய 1982ஆம் ஆண்டுப் பாட்டின் துண்டு இதில் ஓடுவதுதான் காரணம். அங்கிருந்து அந்தப் பழைய பாட்டுக்குத் தாவலாம். இந்த விபரப் பக்கம் இல்லாவிட்டால் நாலு வருடம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. சிங்களப் பாடகி யொஹானியை 2021இல் உலகம் கேட்ட 'மெனிகே மகே ஹிதே' பாட்டும், 2020இல் சதீஷன் பாடிய மூல வடிவமும் தனித்தனியாக, சரியான வருடத்தோடு நிற்கின்றன. இணையக் காலத்தில் பிறந்த பாட்டுக்கு வாய்த்தது தட்டுக் காலத்துப் பாட்டுக்கு வாய்க்கவில்லை.

எதிர்பாராத நன்மை இன்னொன்று, ஒலித்தரம் பற்றியது. இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோப் பாட்டுக்குக் குறைந்த தரம் போதும் என்று டேட்டா மிச்சம் பிடிக்கிறவர்கள் நினைப்பார்கள். நேர்மாறு. தட்டின் இரைச்சலைச் சுருக்குவதுதான் கஷ்டம். விநாடிக்கு 96 கிலோபிட்டில் அந்த 'ஸ்ஸ்' ஒலி தண்ணீருக்குள் சுழல்வதுபோல் ஆகிக் குரலையும் இழுத்துக்கொண்டு போகும். 320இல் இரைச்சல் இரைச்சலாகவே பின்னுக்கு நிற்கும், பாட்டு முன்னுக்கு வரும். மூன்று நிமிடப் பாட்டு 96இல் ஏறக்குறைய 2.2 எம்பி, 320இல் 7.2 எம்பி. நூறு பாட்டுக்கு 720. வீட்டு வைஃபையில் இறக்கி வைத்தால் ரீலோட் காசு மிச்சம். புது ராப்பை வேண்டுமானால் 160இல் விடுங்கள்.

காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒலிமட்டத்தைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டிருந்தாலும் பழைய பாட்டு மெதுவாகவே கேட்கும். தட்டின் கீறலிலிருந்து வரும் 'டிக்' சத்தம் ஏற்கனவே உச்சத்தில் நிற்பதால் அதற்கு மேல் செயலியால் ஒலியைத் தூக்க முடியாது. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அடுத்ததாக ராப் பாடும் கிரிஷான் மகேசன் வந்தால் காது கிழியும். பழையதையும் புதியதையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். நொன்ஸ்டொப் பைலாவுக்கு, ஒரு பாட்டை இன்னொன்றில் கரைக்கும் வசதியைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பாட்டின் முதல் தட்டை விழுங்கிவிடும்.

இனி, மூலப் பதிவா பின்னாளில் திரும்பப் பாடியதா என்று பிரித்தறிவது. தலைப்பும் பெயரும் ஒன்றாகவே இருக்கும், செயலி சொல்லாது. ஹெட்போனில் ஒரு காதைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றேயானால் மோனோ, பெரும்பாலும் பழையது. ட்ரம்பெட் இருந்த இடத்தில் கீபோர்ட் ட்ரம்பெட் ஊதினால் அது திரும்பப் பாடியது. சுருதி இறங்கியிருந்தாலும் அப்படியே, வயதுக்குக் குரல் இறங்கும். சுருதி ஏறியிருந்தால் அது வேறு வியாதி: கசட்டிலிருந்து ஏற்றும்போது பிளேயர் வேகமாக ஓடியிருக்கிறது. வேகம் 6 வீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறும், மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 50 விநாடியில் முடிந்துவிடும். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளுக்கிடையே இந்த அளவு இடைவெளி தெரிந்தால் நீளமானதைச் சேமியுங்கள்.

பாடகரின் பிள்ளைகளோ உரிமைக்காரரோ இதைப் படித்தால்: செயலிக்கு முறைப்பாடு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏற்றிய விநியோகஸ்தரிடம் போக வேண்டும். முதல் வெளியீட்டு நாளைத் திருத்தச் சொல்லுங்கள். எந்தப் பாடகர் பக்க இணைப்பு சரியானது, எது பிழையாகப் பிரிந்தது என்று இரண்டையும் எழுதிக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். கோப்பைத் திரும்ப ஏற்றச் சொன்னால் அதே ஒலிக்கோப்பு, அதே ஐ.எஸ்.ஆர்.சி. என்பதில் கவனம். குறியீடு மாறினால் இதுவரை கேட்ட எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். சத்தம் துப்புரவாக்கிப் புதிதாகச் செய்த பிரதி என்றால் மட்டும் புதிய குறியீடு.

கேட்கிறவர் செய்யக்கூடியது சொந்தப் பட்டியல்தான். 'மூன்ஸ்டோன்ஸ், தட்டு வரிசை' என்று பெயரிட்டு, தட்டின் உறையைப் பார்த்து நாலு நாலாக அடுக்க வேண்டும். உறைக்கு எங்கே போவது? யூடியூபில் சிலர் தட்டு சுற்றும்போது நடுவிலுள்ள லேபலைக் கிட்டக் காட்டுகிறார்கள். அதில் கம்பனிப் பெயரும் தட்டு இலக்கமும் இருக்கும். ஒரே கம்பனியின் இலக்கங்களை வரிசைப்படுத்தினாலே ஏறக்குறைய எது முந்தியது என்று தெரியும். மாதக் காசு வாங்குகிற செயலியில் இல்லாததை ஓசிக்காரர் ஒருவர் கைப்போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்! அந்தக் காலத்து ரெக்கோடிங் பாரில் கசட் அடித்துத் தந்தவர்களும் அட்டையில் வருடம் எழுதியதில்லை, உண்மைதான். ஆனால் பொய் வருடம் எழுதவில்லை.

முடிவு: ஐந்துக்கு மூன்று. ஒலி, விபரப் பக்கம், தரவிறக்கம் மூன்றுக்கும் ஒவ்வொன்று. வருடத்துக்கும் பெயருக்கும் ஒன்றுமில்லை. நாலு வருடக் காசும் வீணில்லை, அடுத்த மாதத்துக்கும் கட்டியாயிற்று. ஆனால் கேட்ட நண்பருக்குப் பதில்: கட்ட வேண்டாம். உங்கள் பாட்டெல்லாம் யூடியூபில் இருக்கிறது, லேபலோடு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல வயர் ஹெட்போன் வாங்குங்கள்.