மாடிஃபை செய்த காரை மாற்றிக்கொள்ளும் முன், அந்த மாடிஃபிகேஷன் எதை மூடியிருக்கிறது என்று பாருங்கள்

பணம் கைமாறாமல் காருக்குக் கார் மாற்றிக்கொள்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

19 வயதில் முதல் காரைப் பிரித்துப் போட்டவன் நான். இன்றுவரை 14 கார்கள் என் கையில் இருந்திருக்கின்றன. சஸ்பென்ஷன், பிரேக், சீட் என்று ஒவ்வொன்றாக மாற்றுவேன். இரண்டு மூன்று வருடம் ஆசை தீர ஓட்டுவேன். அப்புறம் என்னைப் போலவே கார் பைத்தியம் பிடித்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை எடுத்துக்கொள்வேன். அப்படி மாற்றிக்கொண்டவர்களில் சிலர் இன்றும் நெருங்கிய நண்பர்கள். காரின் மேல் உயிரையே வைத்திருப்பவன் காரை வைத்து ஏமாற்ற மாட்டான் என்று மனதார நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையோடு ஒருவருடன் கார் மாற்றிக்கொண்டேன். நான் கொடுத்தது மஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை, முகப்பு விளக்கு மேலே எழும்பி வருமே, அது. மேற்கூரைத் தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் கதவுக்குக் கீழே உள்ள சில் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அந்த மாடலுக்குப் பெயர் போன நோய் அது. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து நானே வெல்டிங் செய்திருந்தேன். மாற்றிக்கொள்ளும் முன் அந்த வேலையின் படங்களை ஒன்றுவிடாமல் அவருக்குக் காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே பார்த்தார்.

அவர் கொண்டுவந்தது சுபாரு இம்ப்ரெஸா டர்போ. அகலமான ஃபெண்டர், பக்கெட் சீட், நான்கு முனை ஹார்னஸ் (ரேஸ் கார்களில் போடும் பெல்ட்), ஏர்பேக் இல்லாத சின்ன ஸ்டீயரிங், முழு உடம்புக்கும் ஸ்டிக்கர் ரேப். பார்த்ததுமே மயங்கிவிட்டேன். சாயங்காலம், இருட்டும் நேரம், லேசான தூறல். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. “ஓட்டிக்கிட்டுத்தானே வந்தேன்” என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வண்டி நனைந்திருந்தால் மேற்பரப்பின் மேடு பள்ளம் கண்ணில் படாது, சூடான என்ஜின் தன் கோளாறைச் சொல்லாது. இரண்டும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அன்றைக்கே சாவியை மாற்றிக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் பெருமழை. மறுநாள் டிக்கியில் தண்ணீர் நின்றது. ரப்பர் பீடிங் போயிருக்கும் என்று நினைத்துக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். தொழிற்சாலையில் போடும் ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக, கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் இருக்கும். வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் கை வெல்டிங் தடித்த புழுவைப் போல வளைந்து போனது. மேலே பிரஷ்ஷால் சீலர் (இடுக்கை அடைக்கும் பசை) அப்பி, அதற்கும் மேல் கறுப்பு பெயின்ட். விரலால் அழுத்தினேன், சீலர் ஒரு துண்டாகப் பெயர்ந்து வந்தது. கீழே உலோகத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அந்த இரண்டு நாட்களை மறக்கவே முடியாது. காரில் இருந்த ஒவ்வொரு மாடிஃபிகேஷனும் ஒரு காயத்தின் மேல் போட்ட கட்டு. பின்பக்கத் தகட்டை வெட்டி வேறொரு காரின் தகட்டை ஒட்டிய கோட்டை அகல ஃபெண்டர் மறைத்திருந்தது. ரேப்பை உரித்தால் இரண்டு விதமான நீலம். விபத்தில் ஏர்பேக் வெடித்திருக்கிறது, அதனால்தான் சின்ன ஸ்டீயரிங். சீட் பெல்ட்டின் ப்ரீடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவி) வெடித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஹார்னஸ். பின் சக்கரம் நேராக நிற்கவில்லை, அதனால்தான் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் ஆர்ம்கள்.

மிக மோசமானது டேஷ்போர்டு. பயணி பக்கத்தில் ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி. மேலே ரெக்ஸின் ஒட்டித் தைத்து அழகாக்கியிருந்தார்கள். வயர் முனையில் ஒரு ரெசிஸ்டர், அரிசி மணி அளவு. அது இருந்தால் ஏர்பேக் இருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஒழுங்காக அணைந்தும் விடும். அந்த சீட்டில் என் மகள் மூன்று வாரம் உட்கார்ந்து வந்தாள். காரில் பட்டி அடித்து ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க மாட்டேன்.

அவரைக் கூப்பிட்டேன். “பார்த்துத்தானே எடுத்தீங்க” என்றார், அவ்வளவுதான். என் மஸ்டாவை வாங்கிய ஐந்தாவது நாளே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மாற்றிக்கொள்வதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், கைமாறிப்போன காரை யாரிடம் கேட்பது? எங்கள் காகிதத்தில் மதிப்பு என்று எதையும் எழுதவில்லை. இரண்டு காருக்கும் ஒரு மதிப்புப் போட்டு, விபத்தில் சிக்கியதில்லை, கட்டமைப்பில் வெல்டிங் இல்லை என்று அவர் கையெழுத்தோடு ஒரு வரியாவது வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது நான் பகலில், காய்ந்த வண்டியை, குளிர்ந்த என்ஜினோடுதான் பார்க்கிறேன். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கையில் இருக்கும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை காட்டும். பட்டி இருக்கும் இடத்தில் ஆயிரத்தையும் தாண்டும். ரேப் ஒட்டியிருந்தால் அதன் தடிமனும் சேர்ந்து வரும், அதனால் எண்ணைவிட இடது வலது வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணாடியாவது மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, எல்லாக் கண்ணாடியிலும் உள்ள தேதிக் குறியை ஒப்பிடுவேன். காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டு, பிழைக் குறியீடு இல்லை என்றதும் சந்தோஷப்பட மாட்டேன். கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் சுயபரிசோதனைகள் முடியாமல் நின்றால், சமீபத்தில் யாரோ அந்தக் குறியீடுகளை அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் அப்படித்தான் காட்டும், கேட்டுக்கொள்வேன். கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்றும் கேட்பேன். கார் மேல் ஆசை உள்ளவன் பழைய ஸ்டீயரிங்கையும் பெல்ட்டையும் பெரும்பாலும் தூக்கி எறிய மாட்டான். பதில் தடுமாறினால் கிளம்பிவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, என்னைப் போல் அதன் மேல் ஆசைப்படாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவேன். இதற்கெல்லாம் அரை நாள் போதும். அந்த அரை நாளைத் தர மறுப்பவருடைய கார் எனக்கு வேண்டாம்.

அந்த இம்ப்ரெஸாவை அப்படியே வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. என்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கிவிட்டு, கூட்டை நானே வெட்டினேன். இடது சில்லைப் பிளந்தபோது உள்ளே ஒரு தகடு சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. காரின் முன்பாதியையும் பின்பாதியையும் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது அந்தத் தகடும், அதன் மேல் நான்கு புள்ளி வெல்டிங்கும்தான்.