ஏர் இன்டேக் மாத்தணுமா? நெல்லைப் புழுதியில பல வருசம் ஓட்டிப் பாத்து சொல்லுதேன்

எங்கிட்ட இருக்கது ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சிசி, ரெண்டாவது தலைமுறை மாடல். பாளையங்கோட்டைல இருந்து வேலை விசயமா திசையன்விளை, உவரி, சாத்தான்குளம் பக்கம் வாரா வாரம் ஓடுத வண்டி, நடுவுல தென்காசி, வள்ளியூர், பணகுடின்னு எல்லா திசையும் போகும். இதுல இஞ்சினுக்குப் போற காத்த வடிகட்டுததுக்கு கம்பெனி பேப்பர் ஃபில்டர், அப்புறம் கழுவிக் கழுவிப் போடுத காட்டன் ஃபில்டர், மறுபடி பேப்பர்னு ரெண்டு விதமாவும் வருசக்கணக்குல ஓட்டிருக்கேன். என் அத்தை மகன் வண்டில கூம்பு மாதிரி இருக்க திறந்த கோன் ஃபில்டர் மாட்டி ஓட்டுனதயும் கிட்ட இருந்து பாத்திருக்கேன், அந்த வண்டிய நானும் நெறய ஓட்டிருக்கேன். இஞ்சினுக்கு காத்து போற வழியத்தான் இன்டேக்னு சொல்லுதது. "இன்டேக் மாத்துனா பவர் கூடுமா அண்ணாச்சி"ன்னு கேக்குற தம்பிமாருக்கு ஒவ்வொருத்தருக்கா சொல்லுததுக்கு ஒரே எடத்துல எழுதிருவோம்னுதான் இது. முடிவ மொதல்லயே சொல்லிருதேன், நம்ம ஊர்ல இஞ்சினுக்கு காத்துக்கு பஞ்சமே கெடையாது, சுத்தமான காத்துக்கும் குளுந்த காத்துக்கும்தான் பஞ்சம், காச அதுக்குத்தான் செலவழிக்கணும்.

காத்து எந்த வழியா போகுதுன்னு தெரியாம எத மாத்துனாலும் வீண். பானெட்டத் தூக்குனா முன்னாடி கிரில் பக்கமா ஒரு பிளாஸ்டிக் வாய் தெரியும்லா, ரேடியேட்டருக்கு மேல இருக்கும், இல்லன்னா ஹெட்லைட்டுக்கு பின்னாடி இருக்கும், அதத்தான் ஸ்நார்க்கல்னு சொல்லுதது. அங்கன இருந்து குழாய் வழியா ஏர் பாக்ஸ், பாக்ஸுக்குள்ள ஃபில்டர், அதத் தாண்டி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய், அப்புறம் த்ராட்டில் பாடி, அதுக்கு அங்கிட்டு மேனிஃபோல்ட், அதுல இருந்து நாலு சிலிண்டருக்கும் நாலு கிளை. ஆக்ஸிலேட்டர மிதிச்சா பெட்ரோல் தொறக்குதுன்னு நெறய பேரு நெனைக்காங்க, பெட்ரோல் வண்டில நம்ம கால் தொறக்கது த்ராட்டில்ல இருக்க தட்ட, அதாவது காத்தத்தான் தொறந்து விடுதோம், எவ்வளவு காத்து போச்சுன்னு சென்சார் சொல்லும், அதுக்கு ஏத்தாப்ல இசியூங்கற இஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல பீச்சும். சில வண்டில காத்தோட எடைய அளக்குற எம்ஏஎஃப் சென்சார், சிலதுல மேனிஃபோல்டுக்குள்ள இருக்க அழுத்தத்த அளக்குற எம்ஏபி சென்சார். எடைக்கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து. பாக்ஸ் குழாய்ல காலி டப்பா மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும், ரெசொனேட்டர், அது என்னத்துக்குன்னு தெரியாம கழட்டி எறியுத ஆளுங்க இருக்காங்க. உறிஞ்சுற சத்தத்த அமுக்கத்தான் அத அளவு பாத்து வச்சிருக்கான், கழட்டுனா சத்தம் கூடும், அந்த சத்தத்தக் கேட்டு பவர் கூடுன மாதிரி தோணும், அவ்வளவுதான்.

காத்தோட அளவ ஒருதரம் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமாரா முக்கா கிலோ, அது எரிய 11 கிலோ கிட்ட காத்து வேணும், நம்ம ஊரு வெக்கையில அது ஒம்பதாயிரம் லிட்டருக்கு மேல வரும். இங்கருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல, 35 லிட்டர் பெட்ரோல் போகுதுன்னு வச்சிக்கிட்டா மூணு லட்சம் லிட்டருக்கு மேல காத்து அந்த ஒரு ஃபில்டர் வழியாத்தான் போயிட்டு வருது. இதுல வடிகட்டுறதுல கொஞ்சம் கொறஞ்சாலும் எம்புட்டு மண்ணு உள்ள போகும்னு யோசிங்க.

மண்ணுன்னா நம்ம மண்ணு சாதாரண மண்ணு இல்ல. திசையன்விளை, இட்டமொழி, குதிரைமொழித் தேரி பக்கமெல்லாம் செக்கச்செவேல்னு கெடக்குல்லா, அந்தத் தேரி மணல் உள்ளுக்குள்ள குவார்ட்ஸ், மேல இரும்பு ஆக்சைடு பூச்சு, அந்தச் செவப்பு அதுனாலதான். குவார்ட்ஸோட கடினம் மோஸ் அளவுல 7, கண்ணாடியையே கீறும், அது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல போனா தேய்ச்சி எடுத்துரும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கிற வண்டில பாதிக்கு இப்படிப் போன மண்ணும் ஒரு காரணம்ங்கது என் அபிப்பிராயம். இது போக கிரஷர் லாரி, எம்சாண்ட் லாரி பின்னாடி போகும்போது வர்ற வெள்ளைப் பொடி. ஆனி ஆடில ஆரல்வாய்மொழி கணவாய் வழியாவும் செங்கோட்டை கணவாய் வழியாவும் காத்து எறங்கும்போது வள்ளியூர், பணகுடி, கயத்தாறு ரோட்டுல காத்தாலைக்கு நடுவுல போனவங்களுக்குத் தெரியும், கார் கண்ணாடில மணல் அடிக்க சத்தமே கேக்கும். அந்த சீசன் முடிஞ்சி ஏர் பாக்ஸத் தொறந்தா பேப்பர் மடிப்புக்குள்ள குங்குமம் மாதிரி செவப்புப் பொடி அடஞ்சி கெடக்கும், தட்டுனா பேப்பர்ல கொட்டும்.

இப்ப காட்டன் ஃபில்டர் கதைக்கு வருவோம். எண்ணெய் பூசுன பருத்தித்துணி, ரெண்டு பக்கமும் கம்பி வலை, கம்பெனி பாக்ஸுக்குள்ளயே பேப்பருக்குப் பதிலா உக்காரும், காலத்துக்கும் மாத்த வேண்டாம், கழுவி எண்ணெய் பூசிக்கிட்டா போதும்னு விக்காங்க. போட்ட புதுசுல 4000 ஆர்பிஎம்முக்கு மேல லேசா ஒரு உறுமல் வந்துச்சு, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பிக்கப்புல வித்தியாசம் தெரிஞ்சிச்சான்னா, டவுனுக்குள்ள ஒண்ணுமே இல்ல, நாலுவழிச்சாலைல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா கடைசில கொஞ்சம் தெரியுத மாதிரி இருந்துச்சு, அதுவும் பழைய அழுக்கு ஃபில்டரக் கழட்டிட்டுப் புதுசு போட்டா எதுக்குமே தெரியத்தான் செய்யும். மைலேஜ் அப்படியேதான் இருந்துச்சு.

எனக்கு மனசு மாறுன எடம் எதுன்னா, ஃபில்டருக்கு அங்கிட்டு இருக்க ரப்பர் குழாயக் கழட்டி உள்பக்கம் வெள்ளைத் துணியால தொடச்சிப் பாக்கது என் வழக்கம், பேப்பர் இருந்த காலத்துல துணி வெள்ளையாவே வரும், காட்டன் போட்டு தேரிப் பக்கம் ஒரு கோடை ஓடுனதுக்கப்புறம் தொடச்சா துணில லேசான செவப்பு எண்ணெய்க்கறை. விரல்ல தேச்சா நறநறன்னு இருந்துச்சு. சென்னைல, கோயம்புத்தூர்ல தார் ரோட்டுலயே ஓடுத ஆளுக்கு இது பிரச்சினை இல்லாம இருக்கலாம், நம்ம ரோட்டுக்கு அந்த நறநறப்பு ஒண்ணே போதும், நான் பேப்பருக்கே திரும்பிட்டேன். ஏன் இப்படின்னா ஒரு ஃபில்டர் காத்த லேசா விடணும்னா ஓட்டை பெருசா இருக்கணும், மண்ணப் பிடிக்கணும்னா ஓட்டை சிறுசா இருக்கணும், அதே அளவு எடத்துக்குள்ள ரெண்டையும் முழுசா எடுக்க முடியாது. பேப்பர்ல இன்னொரு சங்கதி, மேல கொஞ்சம் புழுதி படியப் படிய அந்தப் படிவமே இன்னும் நுணுக்கமா வடிகட்டும், அதனால வாரா வாரம் கழட்டித் தட்டணும்னு அவசியமே இல்ல.

கழுவுற வேலையும் லேசுப்பட்டது கெடையாது. அதுக்குன்னு உள்ள கிளீனர் அடிச்சி, ஊறவிட்டு, உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா மெதுவா தண்ணி விட்டு, நெழல்ல முழுசா காயவச்சி, அப்புறம் மடிப்பு மடிப்பா எண்ணெய் விடணும். எண்ணெய் கூடிட்டா அது காத்தோட போயி எம்ஏஎஃப் சென்சார் கம்பில படியும், அந்தக் கம்பி சூடா இருந்து காத்தால எவ்வளவு குளுருதுன்னு வச்சித்தான் எடைய அளக்கும், மேல எண்ணெய்ப் படலம் வந்தா அளவு தப்பாப் போகும், ஐடில், அதாவது வண்டி நிக்கும்போது இஞ்சின் ஓடுத வேகம், ஆடும், செக் இஞ்சின் லைட் எரியும். எங்க அத்தை மகன் வண்டில இதேதான் ஆச்சு, எண்ணெய் பூசிக் குடுத்தது ஒரு ஆக்சசரீஸ் கடைல, ஒரு கை கூடவே ஊத்திட்டாங்க, கடைசில சென்சார் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சித்தான் சரியாச்சு.

அவன் வண்டியோட பெரிய விசயம் கோன் ஃபில்டர்தான். ஏர் பாக்ஸயே தூக்கிட்டு, ஒரு அலுமினியக் குழாய் நுனில கோன மாட்டி பானெட்டுக்குள்ள அப்படியே தொறந்து விட்டுருந்தாங்க. பாக்க அழகு, சத்தம் அதவிட அழகு. ஆனா அது உறிஞ்சுறது ரேடியேட்டருக்கும் எக்சாஸ்டுக்கும் நடுவுல கொதிச்சிக் கெடக்குற காத்த. வண்டி சென்சார் அளவெல்லாம் காட்டுத ஓபிடி கருவியச் சொருகி போன்ல இன்டேக் வெப்பநிலையப் பாத்தோம், சித்திர மாச வெயில், வெளிய 38 டிகிரி, ஓடும்போது என் வண்டி கம்பெனி பாக்ஸ்ல நாப்பதச் சுத்தி நின்னுச்சு, அவன் வண்டி வண்ணார்பேட்டை சிக்னல்ல கொஞ்ச நேரம் நின்னதுமே 60 தாண்டிருச்சி, கெளம்பி நல்ல வேகம் எடுத்த பிறகும் சீக்கிரம் எறங்கல. காத்து சூடாக சூடாக அடர்த்தி கொறையும், 3 டிகிரிக்கு சுமாரா ஒரு சதவீதம்னு வச்சிக்கிடுங்க, 40ல இருந்து 65க்குப் போனா ஏழு சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் நட்டம், அது போக உள்ள வர்ற காத்து சூடா இருந்தா நாக்கிங் (பெட்ரோல் கலவை தானா வெடிச்சி இஞ்சின் தட்டுதது) வராம இருக்க இசியூ இக்னிஷன் டைமிங்கையும், அதாவது பிளக் பொறி விடுத நேரத்தயும், பின்னுக்கு இழுக்கும். ஆக ஃபில்டர்ல ஒண்ணு ரெண்டு சதவீதம் கெடச்சிருந்தாலும் வெக்கையில அதவிடக் கூடுதலாப் போயிருது. கோன் போட்டே ஆகணும்னா கடைல இருந்து வாங்குன உடனே ஓட்டாதீங்க, சுத்தி ஒரு தகடு வச்சி மூடி, முன்னாடி கிரில்ல இருந்து தனிக்குழாய் குடுத்தா மட்டுந்தான் அதுக்கு அர்த்தமே உண்டு.

மைலேஜுக்காக மாத்தணும்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ல இத அளந்து பாத்து அறிக்கையே விட்டுருக்கு. இசியூ உள்ள நவீன பெட்ரோல் வண்டில ஃபில்டர் அடச்சிருந்தாலும் மைலேஜ் கொறையல, ஆக்சிலரேஷன் மட்டுந்தான் அடி வாங்குது, புது ஃபில்டர் போட்டா அதுல 6ல இருந்து 11 சதவீதம் வரைக்கும் முன்னேற்றம். கார்புரேட்டர் வச்ச பழைய வண்டிலதான் மைலேஜும் பாதிச்சிச்சி. காரணம் நேரானது, சாதாரணமா ஓட்டும்போது த்ராட்டில் தட்டே முக்காவாசி மூடித்தான் கெடக்கு, அதவிடப் பெரிய அடைப்பு ஃபில்டர்ல இருக்கப்போறது இல்ல, காத்து கொறஞ்சா இசியூ பெட்ரோலையும் கொறச்சிக்கிடும். டீசல் வண்டிக்காரங்க கேட்டா, டீசல் இஞ்சின் எப்பவுமே தேவைக்கு மேல காத்தோடதான் ஓடுது, பவர முடிவு பண்ணுதது எவ்வளவு டீசல் பீச்சுதுங்கதுதான், ரீமேப் பண்ணாம, அதாவது இசியூ புரோகிராம மாத்தாம, ஃபில்டர மட்டும் மாத்துனா ஒண்ணும் நடக்காது.

ஏர் பிரஷர் அடிக்கிற பழக்கம் ஒண்ணு நம்ம பக்கம் நெறய இருக்கு, அதயும் சொல்லணும். சர்வீஸ் ஸ்டேஷன்ல பேப்பர் ஃபில்டரக் கழட்டி கம்ப்ரெசர் கன்ன கிட்டக்க வச்சி புஸ்ஸுன்னு அடிச்சி "நல்லாத்தாம்ண்ணே இருக்கு, இன்னும் ஓடும்"னு திருப்பி மாட்டுவாங்க. அந்த அழுத்தத்துல பேப்பர் நார் விலகி கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், ஃபில்டர வெயிலுக்கு நேராத் தூக்கிப் பாத்தா புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும். புள்ளி தெரிஞ்சா அதத் தூக்கிப் போடுங்க. புது ஃபில்டர் விலைய இஞ்சின் வேலையோட வச்சிப் பாத்தா ஒண்ணுமே கெடையாது.

2023 டிசம்பர் 17, 18 மழைய நம்ம ஆளுங்க யாரும் மறக்க மாட்டோம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல, தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பக்கம், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணி. இன்டேக் வாய் எவ்வளவு உசரத்துல இருக்குங்கது உயிர் போற விசயம்னு அப்ப தெரிஞ்சிச்சி. குளுந்த காத்து வேணும்னு குழாய நீட்டி பம்பருக்கு கீழ ஃபில்டர வைக்கிற கிட் இருக்கு, ரோட்டுல முழங்கால் தண்ணி நின்னா அது தண்ணியத்தான் உறிஞ்சும். தண்ணிய அமுக்க முடியாது, பிஸ்டன் மேல வரும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சிரும், இஞ்சின் போச்சு. அந்த மாதிரி கிட் நம்ம பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்னு கைய எடுத்துக் கும்பிட்டு சொல்லுதேன். வண்டி தண்ணில நின்னுருந்தா சாவியத் தொடாம மொதல்ல ஏர் பாக்ஸத் தொறந்து பாருங்க, ஃபில்டர் நனஞ்சிருந்தா ஸ்டார்ட் பண்ணாம கட்டி இழுத்துட்டுத்தான் போகணும். இன்சூரன்ஸ்லயும் இஞ்சின் பாதுகாப்பு ஆட் ஆன் இருக்கான்னு பாத்துக்கிடுங்க, தண்ணில ஸ்டார்ட் பண்ணி போன இஞ்சினுக்கு சாதாரண பாலிசில பெரும்பாலும் காசு வராது.

நான் இப்ப வச்சிருக்க செட்டப் இதுதான். கம்பெனி பேப்பர் ஃபில்டர், மேனுவல்ல புழுதி ரோட்டுக்கு தனியா சீக்கிரம் மாத்தச் சொல்லிருக்கான்லா, அத விடவும் கொஞ்சம் முந்தியே, ஆடிக்காத்து முடிஞ்சதும் கண்டிப்பா புதுசு. ரப்பர் குழாய்ல மடிப்பு விரிசல் விட்டுருந்துச்சு, அத மாத்துனேன், ஏன்னா விரிசல் வழியா வடிகட்டாத காத்து நேரா உள்ள போகும், ஃபில்டர் எம்புட்டு நல்லதா இருந்தும் பிரயோசனம் இல்ல. ஏர் பாக்ஸ் கிளிப் எல்லாம் இறுக்கமா உக்காருதான்னு பாத்தாச்சி. ஸ்நார்க்கல் வாயச் சுத்தி இருந்த இடைவெளில ஃபோம் பட்டை ஒட்டிருக்கேன், ரேடியேட்டர் வெக்கை திரும்பி உள்ள வராம இருக்க. த்ராட்டில் பாடில கருப்பா கரி படிஞ்சிருந்ததக் கழட்டி கிளீன் பண்ணி ஐடில் ரீசெட் பண்ணுனாங்க, டவுன்ல நகரும்போது இருந்த திணறல் அன்னைக்கே போச்சி. இந்த எல்லாம் சேத்தும் காட்டன் ஃபில்டர் ஒண்ணுக்குக் குடுத்த காச விடக் கம்மிதான், வண்டி ஓட்ட தெரியுத வித்தியாசம் அதவிடக் கூட. டர்போ பெட்ரோல் வச்சி ரீமேப்பும் பண்ணி, நாலுவழிச்சாலைலயே ஓட்டுறவங்களுக்கு மூடுன பாக்ஸோட வர்ற நல்ல இன்டேக் பிரயோசனப்படும், அத நான் மறுக்கல.

ஃபில்டர் வாங்கப் போகும்போது பழச கையோட கொண்டுட்டுப் போங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சி மடிப்பு எண்ணிப் பாருங்க, டூப்ளிகேட்ல மடிப்பு கொறச்சலா இருக்கும், ஓரத்து ரப்பர் விரல்ல அமுக்குனா கெட்டியா எழும்பாம கெடக்கும். மாட்டுன பிறகு ரப்பர் தடம் பாக்ஸ் விளிம்புல சுத்துமுத்தும் ஒரே மாதிரி பதியுதான்னு ஒருதரம் தொறந்து பாத்துட்டு மூடுங்க.