குடும்பத்தோடு தங்கலாம் என்றார்கள், வாடகை அறையில் விட்டார்கள்: ஜெர்மன் படிக்கக் கிளம்புகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஜெர்மனிக்கே போய் ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி மொழி படிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, பணத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நான் கட்டியது 2,700 யூரோ. அன்றைய கணக்கில் இரண்டு லட்சத்து நாற்பத்து மூன்றாயிரம் ரூபாய். அது போக சர்வீஸ் சார்ஜ் அறுபதாயிரம். இதற்கு அவர்கள் தருவதாகச் சொன்னது: ஸ்டுட்கார்ட்டில் மூன்று மாதம் ஒரு 'காஸ்ட்ஃபமிலியே', அதாவது நம்மை வீட்டுப்பிள்ளையாக வைத்துக்கொள்ளும் குடும்பம், காலையும் இரவும் அவர்களோடு சாப்பாடு.

எனக்குச் சொந்த ஊர் கரூர். அப்பா ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மேசைவிரிப்பும் சமையலறைத் துண்டும் பெட்டி பெட்டியாக ஹாம்பர்க்குக்குப் போவதை முப்பது வருடமாகப் பார்த்தவர். "ஜெர்மன்காரன் சொன்ன சொல் மாறமாட்டான்மா" என்பார். அந்த நம்பிக்கையை அப்படியே கோயம்புத்தூர் ஏஜென்ட் மீதும் வைத்துவிட்டோம். சொசைட்டியில் கடன் வாங்கிப் பணம் கட்டினார். பணம் போனது கம்பெனிக் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபர் கணக்குக்கு. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஏன் குடும்பத்தோடு தங்க ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, சென்னையில் ஏ2 வரை, அதாவது ஏ1-க்கு அடுத்த இரண்டாம் படி வரை, ஜெர்மன் படித்திருந்தேன். எழுத்தில் நல்ல மார்க், வாய்தான் திறக்கவில்லை. 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும். அது நமக்குச் சுலபம், தமிழ் அப்படித்தானே. சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும், சில வினைகள் இரண்டாக உடைந்து பாதி நடுவிலும் மீதி கடைசியிலும் வரும். பேசும்போது அந்த மீதிப் பாதியை நான் தொலைத்துவிடுவேன். ஜெர்மன் வழியில் மாஸ்டர்ஸ் படிக்க மொழித் தேர்வு உண்டு: டிஎஸ்ஹெச் தேர்வில் இரண்டாம் நிலையோ டெஸ்ட்டாஃப் தேர்வில் எல்லாப் பகுதியிலும் நான்காம் நிலையோ கேட்கிறார்கள். தினமும் இரவு ஒரு மேசையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால்தான் அதுவரை போக முடியும் என்று தோன்றியது. இப்போதும் அந்த எண்ணம் தவறில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு முகவரியைத் தேடிப் போய் மூன்றாம் மாடி ஏறினேன். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா கதவைத் திறந்தார். தனியாக இருப்பவர். ஏஜென்ட் அனுப்பிய படத்தில் தோட்டத்தில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு நாய் எல்லாம் இருந்தது. அந்த வீட்டில் இருந்தது மூன்று வாடகை அறைகள். ஒன்றில் கொலம்பியாப் பெண், ஒன்றில் வியட்நாம் பையன், மூன்றாவது எனக்கு.

ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு என்று, விமானத்தில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவைத்த ஜெர்மனில் கேட்டேன். "சாப்பாடா? இங்கே சாப்பாடு கிடையாது" என்றார். ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும் என்பது தெரியும். மறுநாள் திங்கள்தானே என்று நினைத்தேன். ஜனவரி 6 மூவரசர் திருநாள், பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அரசு விடுமுறை, அன்றும் கடை கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் என் அம்மா கட்டிக் கொடுத்த எள்ளுருண்டையும் முறுக்கும்தான் முதல் ராத்திரி. மறுநாள் மதியம் பசி தாங்காமல் மெயின் ஸ்டேஷனுக்குப் போனேன், ஸ்டேஷன் கடைகள் மட்டும் விடுமுறையிலும் திறந்திருக்கும் என்று வியட்நாம் பையன் சொன்னதால். ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனில் 2010 முதல் கட்டுமான வேலை நடக்கிறது. அந்த வேலிகளைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் நாலு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஜெர்மன் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்களில்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று, அடுப்பில் ஒன்று, குளியலறைக் கண்ணாடியில் ஒன்று, ஹீட்டர் திருகில் ஒன்று. சமையலறை மாலை ஆறிலிருந்து ஆறரை வரை மட்டும். வெங்காயம் வதக்கக் கூடாது. குளிக்க ஐந்து நிமிடம். எல்லாவற்றிலும் 'நிஷ்ட்', அதாவது 'கூடாது', அடியில் மூன்று ஆச்சரியக்குறி. ஹீட்டர் திருகை இரண்டுக்கு மேல் திருப்பக் கூடாது என்று எழுதியிருந்த தாளை இன்றும் நினைவிருக்கிறது. 'இரண்டு' என்ற எழுத்துக்குக் கீழே தாள் கிழிகிற அளவுக்குக் கோடு போட்டிருந்தார். ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டரோடும் சாக்ஸோடும் படுத்தேன்.

இன்னொன்று உள்ளுக்குள் குத்தியது. ஜெர்மனில் 'டு' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். முன்பின் தெரியாத பெரியவர்கள் ஒருவரையொருவர் 'ஸீ' என்பார்கள்; 'டு' என்றால் இரண்டு பக்கமும் 'டு' என்பார்கள். அந்த அம்மா எங்களை 'டு' என்பார், நாங்கள் அவரை 'ஸீ' என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வயதில் என்னை அப்படி அழைத்தபோது இலக்கணப் புத்தகத்தில் படித்த விதி என்ன என்று உடம்புக்குப் புரிந்தது.

ஸ்டுட்கார்ட் பக்கம் 'கேர்வோகே' என்று ஒரு வழக்கம் உண்டு. மாடிப்படியை வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துப் பெருக்கித் துடைப்பார்கள். யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்ன அட்டை தொங்கும். நல்ல வழக்கம்தான், நம் ஊர் ஃபிளாட்களிலும் இருந்தால் தேவலை. ஆனால் அந்த அம்மாவின் முறை வரும்போதெல்லாம் அட்டை எங்கள் அறைக் கதவுக்கு வந்துவிடும். மூன்று மாடிப்படி, வாசல் நடைபாதை, பனி விழுந்தால் காலை ஏழு மணிக்குள் பனி தள்ளுவது, எல்லாம் வாடகை கொடுத்து இருக்கிற மாணவர்கள் வேலை. ஒருநாள் நான் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுத் தாத்தா நின்று பார்த்துவிட்டு, "நீங்கள் இங்கே வேலைக்கு வந்தவரா?" என்று கேட்டார். 'ஸீ' போட்டுத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

இதையெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது பதிவு விஷயம். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் 'அன்மெல்டுங்'. அதற்கு, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கட்டாயம். அந்தத் தாள் இல்லாவிட்டால் பதிவு இல்லை. பதிவுச் சான்று இல்லாமல் நான் போன வங்கியில் கணக்கு தொடங்கவில்லை. கணக்கு இல்லாமல், விசாவுக்காக ஊரிலிருந்தே முடக்குக் கணக்கில், அதாவது 'ஸ்பெர்கோன்டோ'வில் போட்டு வைத்த பணம் கைக்கு வரவில்லை. மொழி படிக்க வருகிறவர்களுக்கு அது அப்போது மாதம் 1,091 யூரோ கணக்கு. என் பணம் என் பெயரில் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. கையில் கொண்டு வந்த ரொக்கம் கரைகிறது. ரயில் பாஸ் மட்டும் அப்போது, 2025-இல், மாதம் 58 யூரோ. பின்னால் விசாவை நீட்டிக்கப் போனாலும் இதே சான்றைத்தான் கேட்பார்கள்.

அந்த அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவரே வாடகைக்கு இருக்கிறவர், வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் அறைகளை உள்வாடகைக்கு விட்டிருக்கிறார், பதிவு செய்தால் வெளியே வந்துவிடும். இதைக் கொலம்பியாப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "டென்ஷன் ஆகாதீங்கம்மா, 200 யூரோ அனுப்புங்க, வேற ஒரு அட்ரஸ்ல பேப்பர் ரெடி பண்ணித் தர்றேன்" என்றார். நல்லவேளை, அனுப்பும் முன் மொழிப்பள்ளி ஆசிரியையிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. குடியிருக்காத வீட்டுக்குப் பொய்த்தாள் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதை வைத்துப் பதிவு செய்தால் என் விசாவும் சிக்கலில் மாட்டும் என்றார். குடியிருப்பவருக்கு உண்மையான தாளைத் தர மறுப்பதும் குற்றம், அதற்கு 1,000 யூரோ வரை அபராதம் உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். யாராவது 'பேப்பர் மட்டும்' தருகிறேன் என்றால் தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள்.

ஜனவரி கடைசியில் கொலம்பியாப் பெண் காலி செய்த அறைக்குத் திருச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தான், அதே ஏஜென்ட் மூலம். "அக்கா, இவங்க எங்க இருக்காங்க?" என்று போனை நீட்டினான். அதே தோட்டம், அதே குழந்தைகள், அதே நாய். இருவரும் சேர்ந்து அந்த அம்மாவிடம் போய் நின்றோம். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். ஏஜென்டோடு அவர் பேசிய செய்தியில் தெளிவாக இருந்தது: அறைக்கு மாதம் 550 யூரோ, சாப்பாடு கிடையாது. மூன்று மாதத்துக்கு 1,650. என்னிடம் வாங்கியது 2,700. 'குடும்பம்', 'சாப்பாடு' என்ற இரண்டு சொல்லுக்காக மட்டும் 1,050 யூரோ, அது போக அறுபதாயிரம். அந்த அம்மா மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சாப்பாடு விஷயத்தில் அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நம் ஊர்க்காரர், நம் மொழியில்.

பிப்ரவரி நடுவில் வெளியே வந்தேன். மொழிப்பள்ளியே நேரில் போய்ப் பார்த்து வைத்திருந்த குடும்பங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. முதலிலேயே பள்ளிக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். அதில் கிடைத்தவர்கள், ஸ்டுட்கார்ட் பக்கத்து ஊரான எஸ்லிங்கனில் ஒரு வயதான தம்பதி. போன முதல் ராத்திரி மரப்பலகைத் தட்டில் ரொட்டி, சீஸ், முள்ளங்கி வைத்தார்கள். இங்கே இரவு பெரும்பாலும் அடுப்பு மூட்டாத சாப்பாடுதான், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தட்டுக்குப் பக்கத்தில் சாவியும் ஒரு தாளும் இருந்தன. நான் கேட்கும் முன்பே பதிவுத் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். "இன்று என்ன செய்தீர்கள்?" என்று பெரியவர் கேட்டார். காலை ஐந்தரைக்கு எழுந்தேன் என்று சொல்ல வந்து, வழக்கம்போல வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டிய 'அவுஃப்' விட்டுப் போனது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "...அவுஃப்" என்று முடித்து வைத்தார். ஆறு வாரம் நான் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான். இதனால்தான், குடும்பத்தோடு தங்கவே வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

'ஓ பேர்' திட்டத்தை "செலவில்லாமல் ஜெர்மன் கத்துக்கலாம்" என்று விற்கிற ஏஜென்ட்களும் இருக்கிறார்கள். அது வேறு விசா. குழந்தை பார்த்துக்கொள்வதும் சின்ன வீட்டு வேலையும் அதில் உண்டு. வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குடும்பம் உங்களுக்கு மாதம் 280 யூரோ கைச்செலவுக்கும் மொழி வகுப்புக்கு 70 யூரோவும் தர வேண்டும், வாரத்தில் ஒன்றரை நாள் விடுப்பு வேண்டும். வாரம் 18 மணி நேர வகுப்போடு மொழி விசாவில் வருகிறவரிடம் வாடகையும் வாங்கிக்கொண்டு வீட்டு வேலையும் வாங்க யாருக்கும் உரிமையில்லை.

பணத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் இதுவரை திருப்பிக் கொடுத்தது நாற்பதாயிரம், அதுவும் அப்பா நேரில் போய் உட்கார்ந்த பிறகு. மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அப்பா கோவைக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பேசினோம், வழி சொன்னார்கள். எங்களுக்குக் கைகொடுப்பது வாட்ஸ்அப் செய்திகளும், 'காலை, இரவு உணவுடன்' என்று அவர்களே எழுதிய ரசீதும், அந்த நாய்ப் படமும்தான். நீங்களும் எதையும் அழிக்காதீர்கள்.

திருச்சித் தம்பியும் வெளியே வந்துவிட்டான். ஆனால் அந்த ஏஜென்சி இன்னும் ஆள் எடுக்கிறது, அந்த அறைகளுக்கு அடுத்த செட் வரும். அதனால் பணம் கட்டும் முன் குடும்பத்தோடு வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள், ஏஜென்ட் நடுவில் இல்லாமல். சாப்பாட்டு மேசையைக் காட்டச் சொல்லுங்கள். வேறு எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக இந்த ஒரு வாக்கியம், ஏ1 முடித்தவர்களே சொல்லிவிடலாம்: "கான் இஷ் மிஷ் பை ஈனன் அன்மெல்டன்?" உங்கள் முகவரியில் நான் பதிவு செய்துகொள்ளலாமா என்று அர்த்தம். 'யா' (ஆமாம்) என்று உடனே பதில் வரவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.